நிற்கிற வண்டிக்கு ஏன் இவ்வளவு சூடு?

திருவண்ணாமலையில் அண்ணாமலையார் கோயிலும் அதைச் சுற்றிய கடைத்தெருக்களும் அருணாசல மலைக்குக் கிழக்கே இருக்கின்றன. 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் பாதிக்குமேல் நடந்து மலையின் மேற்குப் புறம் வந்தால் அடி அண்ணாமலை. பாதை விளக்குகளை விட்டு ஊருக்குள் ஒரு சந்தில் திரும்பினால் நல்ல இருட்டு. அந்த இருட்டில் பழைய பைக் ஒன்று, யாரோ வரட்டும் என்று எஞ்சினை அணைக்காமல் நிற்கும்போது, எஞ்சினிலிருந்து கிளம்பும் பென்ட் பைப் மங்கிய சிவப்பில் ஒளிர்வதைச் சில நேரம் பார்க்கலாம். பட்டறைக்குப் போனால், "அண்ணே, பைப் செவந்து போவுதுண்ணே" என்று சொல்வார்கள். கூட நிற்பவர்கள் உடனே காரணமும் சொல்வார்கள்: திருவண்ணாமலை வெயில் அப்படி, வண்டி ரொம்ப நேரம் ஓடியிருக்கும், ஆயில் குறைந்திருக்கும்.

இதில் ஒரு புதிர் இருக்கிறது. திண்டிவனம் சாலையில் மணிக்கு 70 கிலோமீட்டரில் இரண்டு பேரைச் சுமந்து ஓடும் வண்டியின் பைப் சிவப்பதில்லை. எந்த வேலையும் செய்யாமல் நிற்கிற வண்டியின் பைப் சிவக்கிறது. வேலை செய்யாத எஞ்சினுக்கு எங்கிருந்து வந்தது இந்தச் சூடு?

பதில் தேடுமுன் அந்தச் சிவப்பு எவ்வளவு சூட்டைக் காட்டுகிறது என்று தெரிந்தாக வேண்டும். இதை 1847-லேயே அமெரிக்க விஞ்ஞானி ஜான் வில்லியம் டிரேப்பர் அளந்துவிட்டார். பிளாட்டினத் தகட்டில் மின்சாரம் பாய்ச்சிச் சூடேற்றினார். தகடு எவ்வளவு நீண்டது என்பதை வைத்து வெப்பநிலையைக் கணக்கிட்டார். பிறகு துப்பாக்கிக் குழல் ஒன்றுக்குள் பித்தளை, ஈயம், சலவைக்கல் என்று ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத பொருள்களைப் போட்டுக் காய்ச்சினார். ஏறக்குறைய எல்லாமே ஒரே சூட்டில்தான் கண்ணுக்குத் தெரியும் சிவப்பை எட்டின. அந்தச் சூடு சுமார் 525 டிகிரி செல்சியஸ். இன்றும் அதற்கு டிரேப்பர் புள்ளி என்றே பெயர். பொருள் எதுவானாலும் சூடுதான் நிறத்தைத் தீர்மானிக்கிறது என்ற இந்த விந்தைக்கு விளக்கம் கிடைக்க 1900-இல் மாக்ஸ் பிளாங்க் வரும்வரை இயற்பியல் காத்திருக்க வேண்டியிருந்தது.

ஆக, பைப்பின் சிவப்பை ஒரு வெப்பமானியாகவே எடுத்துக்கொள்ளலாம். இருட்டில் மங்கலாகச் சிவந்தால் 500 டிகிரியைத் தாண்டிவிட்டது. தெருவிளக்கு வெளிச்சத்திலும் சிவப்பு தெரிந்தால் 600-க்கும் மேலே போயிருக்கும். உச்சிவெயிலில் அதே பைப் அதே சூட்டில் இருந்தாலும் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. "ராத்திரியில்தான் சிவக்கிறது, பகலில் நன்றாக இருக்கிறது" என்பவரின் வண்டி பகலிலும் சிவந்துகொண்டுதான் இருக்கிறது.

பைப்பில் படியும் நீலத்தையும் பழுப்பையும் இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளக் கூடாது. சூடான எஃகின் மேல் மிக மெல்லிய ஆக்சைடு படலம் வளர்கிறது. அதன் மேற்பரப்பிலும் அடிப்பரப்பிலும் பட்டுத் திரும்பும் ஒளி ஒன்றோடொன்று கலந்து, படலத்தின் கனத்துக்கேற்ப ஒரு நிறத்தைக் காட்டுகிறது. சாதாரண எஃகில் 230 டிகிரியை ஒட்டி வைக்கோல் நிறம், 300-ஐ ஒட்டி நீலம். வண்டி ஆறிய பிறகும் இந்த நிறம் போகாது. நீலம் என்றைக்கோ வந்துபோன சூட்டின் தடம். சிவப்போ இந்த நிமிடத்துச் சூடு. புது வண்டியின் பைப் கொஞ்சம் பொன்னிறமோ நீலமோ ஆவதில் பயமில்லை. நான் இங்கே கவலைப்படுவது சிவப்பைப் பற்றி.

இனி வெயில். சித்திரையில் இங்கே 40 டிகிரி சாதாரணம். ஆனால் ஒரு பொருள் காற்றுக்குக் கொடுக்கும் வெப்பம், அதன் சூட்டுக்கும் காற்றின் சூட்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பொறுத்தது. 600 டிகிரியில் இருக்கும் பைப்புக்கு, 30 டிகிரி காற்றோடு உள்ள வித்தியாசம் 570. காற்று 42 டிகிரி ஆனால் 558. வித்தியாசம் நூற்றுக்கு இரண்டு பங்குதான் குறைகிறது. கதிர்வீச்சாக வெளியேறும் வெப்பம் இன்னும் குறைவாகவே பாதிக்கப்படும். ஏனென்றால் அது வெப்பநிலையின் நான்காம் அடுக்கோடு ஏறுகிறது என்று 1879-இல் இயற்பியலாளர் ஸ்டெஃபான் கண்டுபிடித்தார். இவ்வளவு சூடான பைப்புக்கு மார்கழியும் சித்திரையும் ஏறக்குறைய ஒன்றுதான். எஞ்சின் தலைப்பகுதி 150, 200 டிகிரியில் இருப்பதால் அதற்கு வெயில் உறைக்கும். பைப் சிவப்பதற்கு வெயில்மேல் பழி போட முடியாது.

ஓடும்போது அடிக்கும் எதிர்காற்று நிற்கும்போது இல்லை என்பது உண்மைதான். அது குளிர்ச்சியைக் குறைக்கிறது. ஆனால் நின்ற நிலையில் நிமிடத்துக்கு 1200 சுற்றில் ஓடும் ஒற்றைச் சிலிண்டர் எஞ்சின், இரண்டு சுற்றுக்கு ஒரு முறை வீதம் நொடிக்குப் பத்து முறை மட்டுமே, அதுவும் மிகக் கொஞ்சமாகப் பெட்ரோலை எரிக்கிறது. நல்ல நிலையில் உள்ள எஞ்சின் மணிக்கணக்காக நின்று ஓடினாலும் அந்த அளவுச் சூடு பைப்பைச் சிவக்க வைக்கப் போதாது. காற்று இல்லாதது சிவப்பை எளிதாக்குகிறது, அவ்வளவே. கொஞ்சம் பெட்ரோலே இத்தனை சூட்டைப் பைப்பில் கொண்டுபோய்ச் சேர்க்கிறது என்றால், அது எரிய வேண்டிய இடத்தில், எரிய வேண்டிய நேரத்தில் எரியவில்லை என்று பொருள்.

சிலிண்டருக்குள் பெட்ரோலும் காற்றும் கலந்த கலவை எரியும்போது வாயுவின் சூடு 2000 டிகிரியைத் தாண்டுகிறது. அந்த வாயு பிஸ்டனைக் கீழே தள்ளி விரிகிறது. விரிந்து வேலை செய்கிற வாயு குளிரும். இது வெப்ப இயக்கவியலின் அடிப்படை. பிஸ்டன் கீழே வந்து சேர்வதற்குள் வாயு தன் சூட்டில் பெரும்பகுதியைச் சக்கரத்துக்கான உழைப்பாகவும், சிலிண்டர் சுவருக்கான வெப்பமாகவும் கொடுத்துவிடும். மிச்சத்தோடு வெளியேற்று வால்வு வழியாகப் பைப்புக்குள் போகும். எல்லாம் சரியாக இருக்கும்போதே பெட்ரோலின் ஆற்றலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இப்படிப் பைப் வழியே போய்விடுகிறது. எரிதல் தாமதமானால் இந்தக் கணக்கு மாறும். பிஸ்டன் பாதி வழி இறங்கிய பிறகும் நெருப்பு எரிந்துகொண்டிருந்தால், வாயு விரிந்து குளிர்வதற்கு மிச்சத் தூரம் இல்லை. வால்வு திறக்கும்போது எரியும் நெருப்பே வெளியே போகிறது. விறகடுப்பில் தீ பானைக்கு அடியில் நிற்காமல் அடுப்பின் வாய் வழியாக வெளியே எரிந்தால் விறகு தீரும், அடுப்படிச் சுவர் கருகும், உலை கொதிக்காது. பைப் சிவக்கும் வண்டியிலும் அதுதான் நடக்கிறது. அதனால்தான் பைப் சிவக்கும் வண்டியின் இழுவையும் குறைந்து, மைலேஜும் குறைந்திருக்கும்.

இது வெறும் ஊகமில்லை என்பதற்கு நல்ல சாட்சி ஒன்று உண்டு. இன்றைய கார்களைக் காலையில் கிளப்பியதும் முதல் அரை நிமிடம் எஞ்சின் ஒரு மாதிரி உரக்க உறுமும். புகைக்குழாயில் இருக்கும் வினையூக்கிப் பெட்டி, மெக்கானிக்குகள் கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் என்பது, சூடானால்தான் வேலை செய்யும். அதைச் சீக்கிரம் சூடேற்றுவதற்காகவே பிளக்கின் பொறியை வேண்டுமென்றே தாமதமாக்கும்படி கட்டுப்பாட்டுக் கணினிக்குச் சொல்லி வைத்திருக்கிறார்கள். உழைப்பை விட்டுக்கொடுத்து வெப்பத்தைப் பைப்புக்கு அனுப்புகிறார்கள். பொறியாளர்கள் அரை நிமிடம் தெரிந்தே செய்வதை, பழுதான வண்டி நாள் முழுக்கத் தெரியாமல் செய்கிறது.

பொறி தாமதமாவது ஒரு காரணம். அதைவிட அடிக்கடி காண்பது மெலிந்த கலவை, அதாவது பெட்ரோல் குறைந்து காற்று கூடிய கலவை. ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரிய ஏறக்குறைய 14.7 கிலோ காற்று வேண்டும். இதற்குமேல் காற்று கூடக்கூட நெருப்பு மெதுவாகப் பரவும். மெதுவாகப் பரவும் நெருப்பு தாமதமாகத்தான் முடியும். "பெட்ரோல் குறைந்தால் சூடும் குறைய வேண்டாமா?" என்று கேட்பது நியாயமான கேள்வி. அதற்கு விமானிகளிடம் பதில் இருக்கிறது. சிறிய பிஸ்டன் எஞ்சின் விமானங்களில் புகைக்குழாய் வெப்பத்தைக் காட்டும் முள் ஒன்று உண்டு. கலவையைக் கொஞ்சம் கொஞ்சமாக மெலிய வைத்தால் முள் முதலில் ஏறும், ஓர் உச்சத்தைத் தொடும், இன்னும் மெலிந்தால் இறங்கும். கார்புரேட்டர் வண்டிகளை உச்சத்துக்குச் செறிந்த பக்கத்தில்தான் அமைப்பார்கள், கூடுதல் பெட்ரோல் ஆவியாகிக் குளிர்ச்சியும் தரும் என்பதால். அங்கிருந்து கலவை மெலிந்தால் வண்டி உச்சத்தை நோக்கித்தான் நகரும்.

கலவை மெலிவதற்கு வழிகள் நிறைய. கார்புரேட்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவில் இருக்கும் ரப்பர் இணைப்பு வெயிலில் வெடித்து, அந்தக் கீறல் வழியே கணக்கில் வராத காற்று உள்ளே போகும். பட்டறையில் "ஏர் இழுக்குது" என்பது இதைத்தான். ஆக்சிலரேட்டரிலிருந்து கையை எடுத்த பிறகும் எஞ்சின் சுற்று உடனே இறங்காமல் தொங்கும். கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்துவிடும் ஜெட்டின் தலைமயிர் போன்ற துளையில் அழுக்கு அடைத்துக்கொள்ளும். சத்தத்துக்காகச் சைலன்சரை மாற்றிவிட்டு ஜெட்டை மாற்றாமல் விடுவதும் அதே விளைவைத் தரும். இப்போது எத்தனால் 20 விழுக்காடு கலந்த பெட்ரோலும் சேர்ந்திருக்கிறது. எத்தனாலுக்குள்ளேயே ஆக்சிஜன் இருப்பதால் இந்தக் கலப்புக்குக் கிலோவுக்கு 13.5 கிலோ காற்றே போதும். ஆக்சிஜன் உணரி வைத்த புதிய வண்டிகள் பெட்ரோலைக் கூட்டிச் சரிசெய்துகொள்ளும். கார்புரேட்டருக்கு அந்த அறிவு கிடையாது, ஏறக்குறைய எட்டு விழுக்காடு மெலிந்த கலவையையே கொடுக்கும். நன்றாக இருக்கும் வண்டி அதைத் தாங்கிக்கொள்ளும். ஏற்கெனவே காற்று இழுக்கும் வண்டியை அது எல்லை தாண்டத் தள்ளிவிடும்.

எனக்கு மிக முக்கியமாகப் படுவது டேப்பெட். வால்வை அழுத்தும் கைக்கும் வால்வின் தண்டுக்கும் நடுவில் ஒரு தாளின் கனம், சுமார் 0.1 மில்லிமீட்டர் இடைவெளி விடுவார்கள். சூட்டில் தண்டு நீளும்போது அதற்கு இடம் வேண்டும். இடைவெளி கூடினால் டக் டக் என்று சத்தம் வரும், உடனே பட்டறைக்கு ஓடுவோம். இடைவெளி குறைந்தால் எந்தச் சத்தமும் வராது, எஞ்சின் இன்னும் அமைதியாகக்கூட ஓடும். வால்வும் அது உட்காரும் இருக்கையும் தேயத் தேய வால்வு உள்ளே இறங்கி, தண்டு மேலே ஏறி, இந்த இடைவெளி தானாகவே குறைந்துகொண்டு வரும். ஒரு நாள் அது பூஜ்ஜியமாகும். அதன்பின் வெளியேற்று வால்வு முழுதாக மூடாது.

விளைவு இரண்டு பக்கமும் கெடுதல். கலவை எரிந்து அழுத்தம் உச்சத்தில் இருக்கும்போதே 2000 டிகிரி வாயு மூடாத விளிம்பு வழியாகப் பைப்புக்குள் பீறிடும். அதே சமயம் வால்வும் வேகும். வெளியேற்று வால்வு தன் சூட்டில் முக்கால் பங்கை, மூடியிருக்கும் நேரத்தில் இருக்கையைத் தொட்டுத்தான் இறக்கிவைக்கிறது. தொடவில்லை என்றால் இறக்கிவைக்க இடமில்லை. விளிம்பில் ஓரிடம் உருகிப் பள்ளம் விழும், கசிவு கூடும், சூடு இன்னும் கூடும். ஐந்து நிமிட வேலையாக இருந்தது எஞ்சின் தலையைக் கழற்றும் வேலையாகிவிடும். வண்டி சத்தமில்லாமல் ஓடுகிறது, எதற்கு டேப்பெட் பார்க்க வேண்டும் என்று கேட்பவர்களுக்கு இதை எத்தனை முறை சொன்னாலும் தகும். எஞ்சின் முழுக்க ஆறிய பிறகுதான் அளக்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

செறிந்த கலவையாலும் பைப் சிவக்கலாம், ஆனால் வேறு வழியில். கரி பிடித்த பிளக் அவ்வப்போது பொறி விடத் தவறினால் எரியாத பெட்ரோல் அப்படியே பைப்புக்குப் போகும். பைப் இணைப்பின் பேக்கிங் போயிருந்தால் அங்கே வெளிக்காற்றும் கிடைக்கும். நெருப்பு சிலிண்டருக்கு வெளியே தொடங்கிவிடும். வினையூக்கிப் பெட்டி இருக்கும் வண்டியில் இது இன்னும் மோசம். அதன் வேலையே எரியாததை எரிப்பது. அளவுக்கு மீறிப் பெட்ரோல் வந்தால் உள்ளே இருக்கும் பீங்கான் தேன்கூடு உருகி வழியை அடைத்துவிடும். அப்போது சிவப்பு எஞ்சினை ஒட்டி இல்லாமல் பெட்டியைச் சுற்றித் தெரியும். எந்த இடம் சிவக்கிறது என்று பார்ப்பதே பாதி நோயறிதல்.

இத்தனையும் ஒன்றாகக் கூடிவரும் வண்டி, மேடு பள்ளம் எல்லாம் ஓடும் நான்கு சக்கர ஏடிவி. கிழக்குக் கடற்கரைச் சாலையின் பொழுதுபோக்கு இடங்களில் மணலில் உறுமிக்கொண்டு போகுமே, அது. வேகம் குறைவு, பாரம் அதிகம், எதிர்காற்று இல்லை. பைப் திறந்த வெளியில் இல்லாமல் பிளாஸ்டிக் உடலுக்குள், ஓட்டுபவரின் காலுக்குப் பக்கத்தில் வளைந்து போகிறது. நம் பொறியியல் கல்லூரி மாணவர்களும் இந்தச் சிக்கலோடு மல்லுக்கட்டுகிறார்கள். 2007 முதல் மத்தியப் பிரதேசத்துப் பீதம்பூரை மையமாக வைத்து நடந்துவரும் பாஹா எஸ்ஏஇ இந்தியா போட்டிக்குத் தமிழ்நாட்டுக் கல்லூரிகளிலிருந்தும் ஒற்றை இருக்கை ஏடிவி கட்டிக் கொண்டுபோகிறார்கள். நான்கு மணி நேரத் தாங்குதிறன் ஓட்டம்தான் அதன் உச்சம். சேறும் மண்ணும் பைப்பின் மேல் அப்பிக் காய்ந்தால் அது போர்வையாகி உள்ளே இருக்கும் சூட்டை வெளியே விடாது.

ஏடிவியில் இன்னொரு பகுதி, சைலன்சரின் வாயில் இருக்கும் தீப்பொறித் தடுப்பி. எரிந்த கரித்துகள் வெளியே பறந்து புல்லைப் பற்ற வைக்காமல் இருக்க வைக்கும் கம்பி வலை அது. அரை மில்லிமீட்டரை ஒட்டிய கண்கள் கரியால் அடைத்துக்கொள்ளும். வாயு வெளியேற வழியின்றித் தேங்கி, பைப் முழுவதும் கொதிக்கும். எரிச்சலில் வலையையே பிடுங்கிப் போட்டுவிடுகிறவர்கள் உண்டு. அதைச் செய்யவே கூடாது. அருணாசல மலைச்சரிவில் கோடையில் காய்ந்து நிற்கும் புல் ஒரு பொறிக்குப் பற்றிக்கொள்ளும் என்பது இந்த ஊர்க்காரர்களுக்குத் தெரியும். பல ஆண்டுகளாக நட்டு வளர்த்த மரக்கன்றுகளைக் காப்பாற்ற, கோடைக்கு முன்பே தீத்தடுப்புக் கோடுகள் வெட்டிக் காத்திருக்கிறார்கள். பொறி பறக்கவே வேண்டாம், சிவந்த பைப்பில் காய்ந்த புல் சிக்கினாலே போதும். ஏடிவியோ பைக்கோ, சூடான வண்டியைப் புல்மேல் நிறுத்தக் கூடாது. சிவந்த பைப்பில் தண்ணீர் ஊற்றவும் கூடாது, இணைப்பில் விரிசல் விடும். எஞ்சினை அணைத்துவிட்டுத் தானாக ஆற விடுவதே வழி.

பழுது தேடும் வரிசை, செலவு குறைந்ததிலிருந்து தொடங்கினால் போதும். முதலில் சைலன்சர் வாயில் கரி அடைப்பு, சேறு. அடுத்து பைப் இணைப்பில் கரும்புகைத் தடம் இருக்கிறதா என்று பேக்கிங்கைப் பார்ப்பது. எஞ்சின் ஓடும்போது ரப்பர் இணைப்பின் மேல் சோப்புத் தண்ணீர் தெளித்தால், கீறல் இருந்தால் நுரை உள்ளே இழுபடும், சுற்றும் மாறும். பெட்ரோலைத் தெளித்துப் பார்க்கும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது, சிவந்த பைப்புக்குப் பக்கத்தில் அது தற்கொலை. பிறகு ஆறிய எஞ்சினில் டேப்பெட். அதற்குப் பிறகே ஜெட்டும், பொறியின் நேரமும். பிளக்கின் நுனி வெளுத்திருந்தால் கலவை மெலிவு, கரி பிடித்திருந்தால் செறிவு.

வேலை முடிந்ததா என்பதைக் கண்ணை நம்பி முடிவுசெய்ய வேண்டியதில்லை. கொரோனாக் காலத்தில் நெற்றியில் காட்டினார்களே, அதே வகையில் பட்டறைக்கென்று விற்கும் அகச்சிவப்பு வெப்பமானி இப்போது எட்டும் விலையில் கிடைக்கிறது. ஆனால் பளபளக்கும் குரோம் பைப்பில் அதைக் காட்டினால் பொய் சொல்லும். மின்னும் பரப்பு தன் சூட்டைக் கதிராக வெளியிடுவது மிகக் குறைவு, சுற்றியிருப்பதைப் பிரதிபலிப்பதே அதிகம். அதனால் 400 டிகிரி பைப்பை 100 என்று காட்டினாலும் காட்டும். வெப்பம் தாங்கும் கறுப்புப் பெயிண்ட்டைப் பைப்பில் ஒரு ரூபாய் நாணய அளவுக்குப் பூசி, காய்ந்த பிறகு அந்தப் பொட்டின் மேலேயே அளக்க வேண்டும். டேப்பெட்டைத் தொடுவதற்கு முன் ஒரு முறை, சரிசெய்த பின் அதே பொட்டில் அதே ஐந்து நிமிட நிற்றலுக்குப் பிறகு ஒரு முறை அளந்து, இரண்டு எண்களையும் பட்டறை நோட்டில் வண்டி எண்ணுக்கு நேரே எழுதி வைக்கலாம். அடுத்த சர்வீஸுக்கு வரும்போது மூன்றாவது எண் அந்த இரண்டில் எதற்குப் பக்கத்தில் விழுகிறது என்று பார்த்தால், வால்வு மறுபடி இறங்கத் தொடங்கிவிட்டதா என்பது பைப் சிவப்பதற்கு வெகு முன்பே தெரிந்துவிடும்.